படுத்துப் பார்த்து வாங்கிய பெஞ்சு

போன சனிக்கிழமை பாசிர் பெனம்பாங்கில் ஒரு தச்சுப் பட்டறையில் மல்லாந்து படுத்திருந்தேன். கண்கள் மூடியிருந்தன. இரண்டு கைகளும் கூரையைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன.

தச்சரின் மனைவி பின்கட்டிலிருந்து வந்தார். பார்த்தார். உள்ளே ஓடினார். திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு தைலக் குப்பி. நான் எழுந்து உட்கார்வதற்குள் என் மூக்கின் கீழே, நெற்றியில், இரண்டு பொட்டிலும் தேய்த்து முடித்துவிட்டார். கண்ணைத் திறந்தால் எரிந்தது. மூடினாலும் எரிந்தது.

என் மனைவி ரோசம்மா தனக்குத் தெரிந்த மலாயில் அந்த அம்மாளுக்கு விளக்கம் சொன்னாள். மயக்கம் இல்லை, வலிப்பு இல்லை, அவர் பெஞ்சு வாங்குகிறார் — அவ்வளவுதான்.

நியாயமான விளக்கம்தானே? ஆனால் அந்த அம்மாள் குப்பியை மூடவில்லை. இன்னும் தேவைப்படும் என்று நினைத்தார்போல.

தச்சர் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. அவருக்கு என்னைத் தெரியும். எனக்கு அவர் செய்யும் இரண்டாவது பெஞ்சு இது. அப்படியானால் முதல் பெஞ்சு என்ன ஆயிற்று? என் பெஞ்சுப் பயிற்சியைப் பற்றி முன்பு இந்தப் பகுதியில் எழுதியதைப் படித்துவிட்டு, இதைத்தான் மூன்று வாசகர்கள் போஸ்ட்கார்டு போட்டுக் கேட்டிருக்கிறார்கள். ஜெராமிலிருந்து எழுதியவர், என் மார்பு இப்போது எத்தனை அங்குலம் என்றும் விசாரித்திருக்கிறார். பெயர் போடவில்லை. கையெழுத்தைப் பார்த்தால் என்னிடம் படித்த ஆள் மாதிரிதான் தெரிகிறது.

சரி... முழுக்கதையையும் சொல்லிவிடுகிறேன்.

கதை பெஞ்சில் தொடங்கவில்லை. அந்தோணியாரில் தொடங்குகிறது.

எங்கள் தோட்டத்தில் வேதக்காரக் குடும்பங்கள் கொஞ்சம்தான். ஆனால் எங்களுக்கென்று ஒரு கோவில் இருக்கிறது — தொழிலாளர்கள் முன்பு குடியிருந்த பழைய லயத்துக்குப் பக்கத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவே. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக எமர்ஜென்சி வந்ததும் லயங்களை எல்லாம் பெயர்த்து ரோட்டோரம் கொண்டுவந்தார்கள். சுற்றிலும் முள்கம்பி வேலி. வேலிக்கு ஒரு கேட். கேட்டுக்குக் காவல். மனிதர்களைப் பெயர்த்தார்கள், கோழிக் கூண்டுகளைக்கூடப் பெயர்த்தார்கள். சிமெண்டுக் கோவிலை எப்படிப் பெயர்ப்பது? அது அங்கேயே நின்றுவிட்டது.

ஆகவே அந்தோணியார் வெளியே, நாங்கள் உள்ளே. வருடத்தில் ஒரு நாள், திருநாள் அன்று, அவர் சப்பரத்தில் ஏறி எங்களைப் பார்க்க வருகிறார். லயத்தைச் சுற்றிவிட்டு மாலை ஆறு மணிக்குள் கோவிலுக்குத் திரும்பிவிட வேண்டும். ஊரடங்கில் சாமிக்கும் விலக்கு இல்லை.

சப்பரத்துக்கு இரண்டு நீளத் தண்டுகள். நான்கு முனைகள். நான்கு தோள்கள். லயத்துக்கு நடுவில் உள்ள மேடையில் செபம் சொல்லும்போது மட்டும் இறக்கலாம். மற்றபடி கோவிலிலிருந்து கிளம்பிய சப்பரம் கோவிலுக்குத் திரும்பும்வரை தரையில் படக்கூடாது. இதுதான் எங்கள் வழக்கம்.

முன்பக்கத்தில் இடது முனை என் அப்பாவின் இடம். வெகுகாலம் அவர்தான் தூக்கினார். தண்டு பட்டுப் பட்டு அவர் தோளில் ஒரு காய்ப்பு இருந்தது. சின்ன வயதில் அதைத் தொட்டுப் பார்ப்பேன். கல் மாதிரி இருக்கும். அவர் போன பிறகு அந்த இடம் எனக்கு வந்தது. காய்ப்பு வரவில்லை.

வருமா? நான் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். நான் தூக்குகிற அதிகபட்ச பாரம் வருகைப் பதிவேடு.

போன வருடத் திருநாளில் லயத்துத் திருப்பத்தில் என் தோள் வழுக்கியது. வழுக்கியது என்று நான் சொல்கிறேன்... மடங்கியது என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். அந்தோணியார் என் பக்கமாக நன்றாகச் சாய்ந்தார். அவர் கையிலிருந்த லீலிப் பூ கழன்று, தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற பெரிய மண்டோரின் தலைப்பாகையில் விழுந்தது. பக்கத்தில் நடந்து வந்த ரோசம்மாவின் அண்ணன் சவரிமுத்து ஒரே தாவாகத் தாவித் தோள் கொடுத்தார். சாமி நிமிர்ந்தார். நான் நிமிரவில்லை. மீதி வழி முழுக்க அவமானத்தில் தலை குனிந்தே நடந்தேன்.

சவரிமுத்து ஆலையில் வேலை பார்ப்பவர். ரப்பர் ஷீட் கட்டுகளைத் தனி ஆளாகத் தூக்கி லோரியில் போடுவார். யாரையும் புண்படுத்திப் பேசமாட்டார். அதுதான் எனக்கு இன்னும் வருத்தம். ஒரு வார்த்தை கிண்டல் செய்திருந்தால் கோபப்பட்டாவது இருப்பேன்.

உபதேசியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சாமியார் மாதம் ஒருமுறை பூசைக்கு வருகிற எங்கள் கோவிலில், மீதி நாளெல்லாம் இவர் ஆட்சிதான். அடுத்த வருடம் சவரிமுத்து என் பின்னாலேயே இடது பின்முனையில் நிற்பார் என்றார். இன்னொரு தடவை சாமி சாய்ந்தால் அவர் முன்னால் வந்துவிடுவார் என்றார். நானா? எனக்கும் ஒரு இடம் யோசித்து வைத்திருந்தார்.

“உங்களுக்குக் குடை பிடிக்கிற வேல குடுத்துருவோம் வாத்தியாரே. கவுரவமான வேலதான்.”

குடை! எங்கள் அப்பா தூக்கிய சாமிக்கு நான் குடை பிடிப்பதா? அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பழைய பேப்பர்க் கட்டு ஒன்றில் ஒரு ஆங்கிலப் பத்திரிகையின் தாள் கிடைத்தது அப்போதுதான். அதில் ஒரு படம். ஒரு ஆள் பெஞ்சில் மல்லாந்து படுத்து, இரண்டு முனையிலும் எடை மாட்டிய இரும்புத் தண்டை மார்புக்கு மேலே தூக்குகிறார். தோளும் மார்பும் கையும் உறுதிப்படும், வீட்டிலேயே செய்யலாம் என்று கீழே போட்டிருந்தது.

நான் இரும்பைக் கவனிக்கவில்லை. பெஞ்சைத்தான் கவனித்தேன். படுத்துக்கொண்டே பலசாலி ஆகலாம் என்றால் யாருக்குக் கசக்கும்?

எடை தயாரிப்பது சுலபம் என்று நினைத்தேன். மாவுப்பால் டின்னில் சிமெண்டைக் குழைத்து ஊற்றி, நடுவில் இரும்புக் குழாயைச் செருகி, காயவிட்டால் முடிந்தது. ஆனால் இப்போது கடையில் டின்னை முழுசாகவா தருகிறார்கள்? காட்டுக்குள் இருப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடக் கூடாது என்று, விற்கும்போதே கடைக்காரர் ஆணியால் ஓட்டை போட்டுத்தான் தருகிறார். அது எனக்கு ஞாபகமே இல்லை. ஊற்றிய சிமெண்டில் பாதி, ஓட்டை வழியாக ரோசம்மா மெழுகிய தரைக்கு வந்துவிட்டது. அது இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. கெட்டியாக.

அடுத்தது பெஞ்சு.

வீட்டில் உடற்பயிற்சி செய்ய நினைக்கிற வாசகர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள். என்னுடைய முதுகு கொடுத்த விலை இது.

முதலில் பள்ளிக்கூட பெஞ்சை முயன்றேன். ஆறு பிள்ளைகள் உட்கார்கிற நீளம். அகலம்? ஒரு சாண். அதில் படுப்பது கொடிக்கம்பியில் படுப்பது போலத்தான். கைகளை நீட்டியதும் ஒரு பக்கம் உருண்டேன். பள்ளி விட்டு எல்லோரும் போயாயிற்று என்று நினைத்துச் செய்த காரியம். ஜன்னலுக்கு வெளியே இரண்டாம் வகுப்பு முழுவதும் நின்றுகொண்டிருந்தது.

அடுத்து, கோல சிலாங்கூர் காப்பிக்கடை பெஞ்சு. கடைக்காரர் பழைய சாமான்களை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். நல்ல அகலம். ஆனால் உயரம் அதிகம். படுத்தால் கால் இரண்டும் அந்தரத்தில் ஆடின. பாதம் தரையில் நன்றாக ஊன்றாவிட்டால் முதுகு வில்லாக வளைகிறது. பெஞ்சு உங்கள் முழங்கால் உயரம்தான் இருக்க வேண்டும். காப்பி குடிக்க வந்தவர்கள் முன்னால் படுத்து எழுந்து இதைக் கண்டுபிடித்தேன்.

மூன்றாவது, பாசிர் பெனம்பாங்கில் மீன் வெட்டுகிற பெஞ்சு. அகலம் சரி. உயரம் சரி. ஆட்டம் இல்லை. இதுதான் என்று சந்தோஷமாகத் தூக்கிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. சவுக்காரம் போட்டேன், புளி போட்டேன், சாம்பல் போட்டேன். பிறகு ஒரு மாலை நம்பிக்கையோடு படுத்து இரும்பைத் தூக்கினேன். லயத்துப் பூனைகள் எல்லாம் வந்துவிட்டன. இரண்டு கையிலும் எடையைப் பிடித்துக்கொண்டிருக்கிற மனிதன், வயிற்றில் ஏறி உட்கார்ந்த பூனையை எப்படி விரட்டுவான்?

மறுநாள் ரோசம்மா ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள். “நீங்க இருங்க, இல்ல அது இருக்கட்டும்.”

கடைசியாகத்தான் இந்தத் தச்சரிடம் வந்து சேர்ந்தேன். படகு செய்பவர். நான் சொன்னதைக் கேட்டார். பத்திரிகைப் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைத் தரையில் படுக்கச் சொல்லி, தோளுக்குத் தோள் அளந்தார், தலையிலிருந்து இடுப்புவரை அளந்தார், முழங்காலை அளந்தார். படகுக்குப் போட்டு மிஞ்சிய கனமான பலகை ஒன்று அவரிடம் இருந்தது. கால்களை நேராக வைக்கவில்லை — அடியில் நான்கு பக்கமும் கொஞ்சம் விரித்து வைத்தார். விரிந்த கால்தான் கவிழாது என்றார். எவ்வளவு பாரம் தாங்க வேண்டும் என்று கேட்டார். நானும் என் சிமெண்டும்தான் என்றேன். இரண்டு பங்கு தாங்கும்படி செய்கிறேன் என்றார். எதற்கு வீணாக என்று நினைத்தேன்.

அந்த பெஞ்சு கேட்டுக்குள் நுழைந்த கதையைச் சொல்ல வேண்டும்.

கேட் காவலில் அசான் என்று ஒரு மலாய்க்காரர். நல்ல மனிதர். என்னைச் சிக்கு என்று கூப்பிடுவார், வாத்தியாருக்கு மலாயில் அதுதான் மரியாதை. ஆனால் சோதனை என்றால் சோதனைதான். பெஞ்சைக் கவிழ்த்தார். தட்டினார். பலகைக்குள் பொந்து ஏதாவது இருக்கிறதா என்று காதை வைத்துக் கேட்டார். பொந்து இல்லாத பெஞ்சை ஒரு வாத்தியார் எதற்காக ஆற்றைத் தாண்டிப் போய் வாங்கிவர வேண்டும்? அதுதான் அவருக்குச் சந்தேகம். நான் படுத்துக் காட்டினேன். எனக்குப் பின்னால் ரப்பர் பால்வெட்டு முடிந்து வந்த ஜனம் நீள வரிசையாக நின்றது. அசானுக்கு ஆர்வம் தாங்கவில்லை. துப்பாக்கியைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு அவரும் படுத்துப் பார்த்தார். நல்ல பெஞ்சு என்று சான்றிதழ் கொடுத்தார்.

அதன்பிறகு நான்கு மாதம் தினமும் சாயங்காலம் பயிற்சி. என் வீடு கேட்டிலிருந்து முதல் வீடு. போகிற வருகிற எல்லோருக்கும் என் பெருமூச்சு கேட்கும். ரோசம்மாவின் தையல் டேப்பால் வாரம் ஒருமுறை மார்பை அளப்பேன். முப்பத்தொன்று... முப்பத்தொன்றரை... ஒருநாள் முப்பத்திரண்டு. மூச்சை இழுத்துப் பிடித்திருந்தேன் என்பது உண்மைதான். அதனால் என்ன? சப்பரம் தூக்கும்போதும் மூச்சை இழுத்துப் பிடிக்கத்தானே போகிறேன்?

இதில் ஒரு சங்கடம் மட்டும் இருந்தது. ரோசம்மா காலையில் பால்வெட்டுக்குப் போகிறவள். காண்டா கம்பின் இரண்டு பக்கமும் பால் நிறைந்த வாளியை மாட்டித் தோளில் வைத்துக்கொண்டு, மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து ஸ்டோருக்கு வருவாள். சாயங்காலம் வீட்டைக் கூட்டும்போது என் இரும்பு வழியில் கிடந்தால், ஒரு கையால் எடுத்துக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டுக் கூட்டுவாள். நான் இரண்டு கையால், பத்து எண்ணி, உயிரைக் கொடுத்துத் தூக்குகிற அதே இரும்பு. நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன். குடும்பத்தில் சிலவற்றைப் பார்க்கக் கூடாது.

திருநாள் வந்தது.

மூன்று மணிக்குக் கோவிலில் சப்பரம் எடுத்தோம். முன் இடதில் நான். எனக்குப் பின்னால் சவரிமுத்து. தண்டு தோளில் ஏறியதும் எனக்கே ஆச்சரியம் — கனம் தெரிந்தது, ஆனால் பயம் வரவில்லை. கால் நடுங்கவில்லை. கேட்டுக்குள் நுழைந்தபோது அசான் என்னைப் பார்த்து, நெஞ்சைத் தட்டிக் காட்டிச் சிரித்தார். போன வருடம் மானம் போன அதே திருப்பத்தில் இந்த வருடம் சாமி நேராகத் திரும்பினார். பெரிய மண்டோர் முன்ஜாக்கிரதையாகத் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அது தேவைப்படவில்லை. அப்பா இருந்திருக்கலாமே என்று நினைத்தேன். கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வீடு ஜனங்கள் வேண்டுதலை நிறைவேற்றினார்கள். அந்தோணியாருக்கு வேண்டுதல் என்றால் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். கைப்பிடி உப்பையும் மிளகையும் சேர்த்துச் சப்பரத்தின் மேல் வீசுவது. காய்ச்சல் சரியானவர்கள் வீசினார்கள். பிள்ளை பெற்றவர்கள் வீசினார்கள். ரேஷனில் அளந்து கொடுக்கிற உப்பைச் சேர்த்து வைத்து வீசினார்கள். பூவிலும் சரிகையிலும் பலகை இடுக்கிலும் வெள்ளை வெள்ளையாக உப்பு. யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. பரம்பரையாகச் செய்வதுதானே?

மேடையில் செபம் முடிந்து, கோவிலுக்குத் திரும்பக் கேட்டுக்கு வந்தோம். அப்போது மணி ஐந்து.

அசான் சிரிக்கவில்லை. சப்பரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் எங்கள் எல்லோருக்கும் உறைத்தது. அரிசி, டின், உப்பு — தின்கிற எந்தப் பொருளும் கேட்டைத் தாண்டி வெளியே போகக் கூடாது என்பது போன திருநாளுக்குப் பிறகு வந்த சட்டம். வெட்டுக்குப் போகிறவர்கள் மடியில் பத்து உப்புக்கல் இருந்தாலே விசாரணை. அந்தோணியார் இப்போது ஒரு கொட்டாங்கச்சி அல்ல, பல கொட்டாங்கச்சி உப்போடு காட்டுப் பக்கம் கிளம்பிக்கொண்டிருக்கிறார். எல்லோர் கண் முன்னாலும். கொட்டு மேளத்தோடு.

அசானால் முடிவு செய்ய முடியவில்லை. மேலதிகாரியைக் கூப்பிட ஆள் போனது. அவர் வந்தார். தொப்பியைக் கழற்றிச் சாமிக்கு மரியாதை செய்தார். பிறகு தீர்ப்பைச் சொன்னார். சாமி போகலாம். உப்பு போகக் கூடாது.

வேறென்ன செய்வது? பெண்கள் சப்பரத்தைச் சூழ்ந்துகொண்டு பூவுக்குள் விரலை விட்டு உப்பைப் பொறுக்க ஆரம்பித்தார்கள். மிளகை வைத்துக்கொள்ளலாமா என்று உபதேசியார் கேட்டார். மிளகும் போகக் கூடாது என்று பதில் வந்தது.

நாங்கள் நான்கு பேர் நின்றோம்.

நடக்கிற வரைக்கும் சப்பரம் ஒரு பாரம்தான். நிற்கும்போது அது வேறு சாமான். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். தண்டு தோளுக்குள் இறங்கிக்கொண்டே போனது. கோவிலில் நிறுத்திவைக்கக் கட்டைகள் இருக்கின்றன — ஆனால் கோவில் காட்டுப் பக்கம் இருக்கிறது. மேடைக்குத் திரும்பலாம் என்றால் அரை மைல் நடக்க வேண்டும். திரும்பி வருவதற்குள் ஆறு ஆகிவிடும். தரையில் வைக்கக் கூடாது. அப்படியானால்?

முடியவில்லை என்று யாராவது சொன்னால் போதும், ஏதாவது வழி பார்ப்பார்கள். யார் சொல்வது? பின்னால் இருக்கிற இரண்டு பேருக்கும் முன்னால் இருக்கிற இரண்டு பேர் முன்னால் சொல்ல வெட்கம். முன்னால் இருக்கிற எங்களுக்கு ஊர் முன்னால் சொல்ல வெட்கம். எனக்கோ... சொன்ன அந்த நிமிடத்தோடு அப்பாவின் இடம் போய்விடும். நான்கு மாதம் பூனைகளோடும் சிமெண்டோடும் போராடியது இந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் இருப்பதற்காகத்தான். பல்லைக் கடித்துக்கொண்டேன். குடை என் கண் முன்னால் விரிந்து நின்றது.

அப்போது தண்டில் ஒரு நடுக்கம் வந்தது. என்னுடையது இல்லை. பின்னாலிருந்து வந்தது.

கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். ஷீட் கட்டுகளைத் தனி ஆளாகத் தூக்குகிற சவரிமுத்துவின் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. முகம் சிவந்து வேர்வை வடிந்தது. என்னைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. அவர் திறக்கவும் மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. மடங்கினால் மடங்குவாரே தவிர, சொல்லமாட்டார். இரண்டு நிமிடத்தில் அந்தோணியார் இந்தத் தடவை பின்பக்கமாகச் சாயப்போகிறார்.

உரக்கச் சொன்னேன்.

“என்னால முடியல. எடுத்துட்டு வா ரோசம்மா, பெஞ்ச.”

ஒரு வினாடி ஊரே என்னைப் பார்த்தது. ரோசம்மா பார்க்கவில்லை. அவள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தாள்.

படகுப் பலகை பெஞ்சை ஆற்றங்கரையிலிருந்து பஸ்ஸுக்குக் கொண்டுவர, அன்றைக்கு எனக்கு இரண்டு ஆள் துணை தேவைப்பட்டது. அதை அவள் தலையில் வைத்துக்கொண்டு ஓட்டமாக வந்தாள். ஒரு கையால் அதை எப்படிப் பிடித்திருந்தாள் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. இன்னொரு கையில் வெள்ளை மேசைவிரிப்பு இருந்தது. பெஞ்சை எங்களுக்கு நடுவில் வைத்து, விரிப்பை விரித்து, உபதேசியாரைப் பார்த்தாள்.

உபதேசியார் தயங்கினார். வழக்கம் வழக்கம்தானே?

“தரையில வைக்கக் கூடாதுன்னுதானே பெரியவங்க சொன்னாங்க,” என்றாள் ரோசம்மா. “பெஞ்சு தரையா?”

அந்தோணியார் மெதுவாக இறங்கினார். பெஞ்சு ஒரு முனகல் முனகியது. அவ்வளவுதான். விரிந்த கால்கள் நான்கும் அப்படியே நின்றன. சாயாமல் இருக்க நாங்கள் தண்டைப் பிடித்துக்கொண்டால் போதும், பாரம் முழுவதும் அதற்கு. இரண்டு பங்கு தாங்கும்படி செய்த தச்சரை மனசுக்குள் கும்பிட்டேன். எங்கள் நான்கு பேரின் மூச்சும் ஒரே சமயத்தில் வெளியே வந்தது. அதில் மிகப் பெரிய மூச்சு சவரிமுத்துவுடையது.

அசான் குனிந்து பெஞ்சைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துகொண்டார். இது நல்ல பெஞ்சு, அதைச் சோதித்துப் பார்த்ததே நான்தான் என்று மேலதிகாரியிடம் பெருமையாகச் சொன்னார்.

உப்பு ஒரு சின்ன வாளி நிறைய வந்தது. ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தோம். ரோசம்மா பெஞ்சோடு கூடவே வந்தாள்.

இனி ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். என்னால் அன்றைக்கு இன்னும் ஐந்து நிமிடம் நின்றிருக்க முடியும். சவரிமுத்துவுக்காகத்தான் அந்தப் பழியை நான் ஏற்றேன். நீங்கள் நம்பமாட்டீர்கள். ரோசம்மாவும் நம்பவில்லை. முதலில் எழுதியபோது மூன்று நிமிடம் என்றுதான் எழுதினேன். இப்போது படித்துப் பார்க்கும்போது ஐந்தாகியிருக்கிறது... சரி, விடுங்கள். எனக்கும் முடியவில்லைதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செபம் முடிந்ததும், வருகிற வருடத்துக்கான பெயர்களை உபதேசியார் வாசிப்பார். அதுவும் எங்கள் வழக்கம். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். குடைக்கு யார் பெயர் வரும் என்று எனக்குத் தெரியும். வீட்டிலிருந்து வரும்போதே மனதைத் தயார்செய்துகொண்டுதான் வந்திருந்தேன். 

அவர் தாளைப் பிரிப்பதற்குள் சவரிமுத்து எழுந்து நின்றார். கோவிலில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

“முன்னால வாத்தியாரே நிக்கட்டும்லா. எங்களுக்கெல்லாம் தோளுதான் இருக்கு. அவருக்கு வாய் இருக்கு.”

கோவில் சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. உபதேசியார் தாளில் ஏதோ அடித்து, ஏதோ எழுதி, வாசித்தார். முன் இடது — என் பெயர். அப்பா நின்ற இடம்.

நான்கு பெயரும் முடிந்தது. அவர் தாளை மடிக்கவில்லை. ஐந்தாவதாக ஒன்று வாசித்தார்.

“பெஞ்சு — ரோசம்மா.”

இத்தனை வருடத்தில் அந்தத் தாளில் ஒரு பெண்ணின் பெயர் வந்ததில்லை. அவள் முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். காது மட்டும் வெளியே தெரிந்தது. அது சிவந்திருந்தது.

இதனால் நஷ்டம் யாருக்கு? எனக்குத்தான். பெஞ்சு கோவிலிலேயே தங்கிவிட்டது. சாமி உட்கார்ந்த பெஞ்சில் மனிதன் படுக்கக் கூடாது என்று உபதேசியார் சொல்லிவிட்டார். அதன் மேல் இப்போது பூச்சாடி இருக்கிறது. நான் ஒரு மாதமாகத் தரையில் படுத்து இரும்பைத் தூக்கிக்கொண்டிருக்கிறேன். கெட்டியான சிமெண்டு முதுகில் உறுத்துகிறது.

ஆகவேதான் போன சனிக்கிழமை தச்சுப் பட்டறை. ஆகவேதான் தைலம்.

நான் முறைப்படி எல்லாம் சரிபார்த்தேன். தோள் பொருந்துகிறதா, பாதம் ஊன்றுகிறதா, கால்கள் விரிந்திருக்கின்றனவா. எல்லாம் சரியாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, இதையே எடுத்துக்கொள்ளலாம் என்றேன்.

ரோசம்மா கொஞ்சம் பொறுங்கள் என்றாள். முந்தானையைச் சுருட்டித் தலையில் சும்மாடு வைத்தாள். பெஞ்சை ஒரே வீச்சில் தூக்கித் தலையில் ஏற்றினாள். பட்டறையிலிருந்து படகுத்துறைவரை வேகமாக நடந்து போய்த் திரும்பி வந்து இறக்கினாள். தச்சரின் மனைவி தைலக் குப்பியைக் கீழே வைத்துவிட்டார்.

கோவிலில்தான் ஒரு பெஞ்சு இருக்கிறதே, இதை எதற்குத் தூக்கிப் பார்க்கிறாய் என்று கேட்டேன்.

“அத வருசத்துக்கு ஒரு தரம்தான் தருவாங்க. பழகிக்க வேணாமா?” என்றாள். “நீங்க படுத்துப் பழகுங்க. நான் தூக்கிப் பழகுறேன்.”

இப்போது வீட்டில் ஒரே பெஞ்சில் இரண்டு பேர் பயிற்சி செய்கிறோம். கட்டுப்பாடு ஒன்றே ஒன்றுதான் — அவள் தூக்குகிற நேரத்தில் நான் அதன் மேல் படுத்திருக்கக் கூடாது.